ஒரு மூட்டைத் துரும்பு: வீட்டுக் கைவினை அறையைச் சீராக்குவது எப்படி?



உங்கள் வீட்டில் 'அந்த அறை' இருக்கிறதா? விருந்தாளி வந்தால் முதலில் கதவைச் சாத்துவோமே, அதே அறைதான். எங்கள் வீடு சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமானில் உள்ள ஒற்றை மாடி வீடு. மூன்று அறைகள். மூன்றாவது அறை பத்தடிக்கு ஒன்பதடி. குடிவந்த புதிதில் அதைக் 'கைவினை அறை' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். வகுப்புக்கு மின்னட்டை செய்வது, பொங்கல் பானைக்கு வண்ணம் தீட்டுவது, உறவினர் திருமணத்துக்கு ஆரத்தித் தட்டு அலங்கரிப்பது, பட்டு நூல் வளையல் சுற்றுவது எல்லாம் அங்கேதான் நடந்தன.

எட்டு ஆண்டுகளில் பெயர் மட்டும் மிஞ்சியது. வேலையைச் சாப்பாட்டு மேசையில் செய்துவிட்டு, மிச்சத்தை அந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவதே வழக்கமாகிவிட்டது.

போன ஆண்டு அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. கூலிமில் தனியாக இருந்தவரை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தோம். "ரூம ஒதுக்கிடுறேன்மா" என்று நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்த அன்று அவர் கைத்தடியை ஊன்றியபடி அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "கால் வைக்க எடம் இல்லையேம்மா. பரவால்ல, நான் ஹால்லயே படுத்துக்குறேன்" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. பதினொரு இரவு அவர் ஹாலில் மடக்குக் கட்டிலில் படுத்தார். நாற்பது ஆண்டுகள் ஊருக்கே ரவிக்கை தைத்த அவருடைய சிங்கர் தையல் இயந்திரமும் அந்த அறைக்குள்தான் இருந்தது, என் மணிலா அட்டைகளுக்கு அடியில்.

அந்தப் பதினொரு நாளில் நான் கற்றுக்கொண்டதையே கீழே படிப்படியாகத் தந்திருக்கிறேன். பயிற்றுத் துணைப்பொருள்களைச் சேர்த்து வைக்கும் ஆசிரியர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். ஒரு செய்முறையைக் கட்டுரையாக விளக்கப் பழகும் மாணவர்களுக்குக் கடைசிப் பகுதியில் சில மொழிக் குறிப்புகள் உள்ளன.

அறை ஏன் நிரம்புகிறது?

'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்கள் நாம்தான். பழமொழியில் பிழை இல்லை. பல் குத்த ஒரு துரும்பு போதும். நான் ஒரு மூட்டை வைத்திருந்தேன். அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே மூன்று வகைப் பொருள்கள் இருந்தன.

முதல் வகை, மிச்சம். பாதி ரிப்பன், கையகலத் துணி, கால்வாசி மீந்த கிரேப் தாள். ஒரு வேலை முடிந்தபின் 'பிறகு ஆகும்' என்று ஒதுக்கியவை.

இரண்டாம் வகை, ஆசை. ஆரி வேலைப்பாடு கற்க வாங்கிய சட்டம், காதணி செய்ய வாங்கிய சுருள் தாள், ஒரு தீபாவளிக்குச் செய்ய நினைத்துச் செய்யாமல் விட்ட மெழுகுவர்த்தி அச்சு. இவை நான் இன்னும் தொடங்காத வேலைகளுக்கு உரியவை.

மூன்றாம் வகை, குற்ற உணர்வு. ஒரு காலத்தில் பட்டு நூல் வளையல் விற்கலாம் என்று ஏறக்குறைய 800 வெள்ளிக்கு நூலும் வெறும் வளையல்களும் கற்களும் வாங்கினேன். விற்றது என்னவோ பத்துப் பன்னிரண்டு ஜோடிதான். மீதியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. போட்டால் அந்தப் பணம் வீணானதை ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா?

உங்கள் அறையிலும் இந்த மூன்றும் இருக்கும். எது எந்த வகை என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. மிச்சத்துக்கு ஓர் அளவு வைக்கலாம். ஆசைக்கு ஒரு தேதி குறிக்கலாம். மூன்றாவது வகைக்கு ஓர் உண்மையை ஏற்க வேண்டும்: பணம் வாங்கிய அன்றே போய்விட்டது. பொருளை வைத்திருப்பதால் அது திரும்பி வரப்போவதில்லை. இடம்தான் கூடுதலாகப் போகிறது.

முதலில் செய்யக் கூடாதது

நாம் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. 'ஒழுங்குபடுத்தப் போகிறேன்' என்று முடிவெடுத்த உடனே கடைக்குப் போய் நெகிழிப் பெட்டிகள் வாங்குவது. நானும் அப்படி மூன்று முறை வாங்கியிருக்கிறேன். அறையைக் காலி செய்தபோது காலிப் பெட்டிகள் மட்டும் பதினான்கு இருந்தன. குப்பையைப் பெட்டியில் போட்டு மூடி வைத்தால் அது மூடி போட்ட குப்பை, அவ்வளவுதான்.

பெட்டி வாங்குவது கடைசி வேலை. எவ்வளவு பொருள் தங்கப்போகிறது என்று தெரியாமல் எந்த அளவில் பெட்டி வாங்குவீர்கள்?

பள்ளியில் நாம் பழகிய ஜப்பானியரின் 5எஸ் முறையும் இதே வரிசையைத்தான் சொல்கிறது. முதலாவது செய்ரி, வேண்டாதவற்றை நீக்குதல். இரண்டாவது செய்தோன், எஞ்சியவற்றை அதனதன் இடத்தில் வைத்தல். மூன்றாவது செய்சோ, துப்புரவு செய்தல். நான்காவது செய்கெத்சு, செய்ததை நிலையான முறையாக்குதல். ஐந்தாவது ஷித்சுகே, அதைப் பழக்கமாக்குதல். பள்ளி அலுவலகத்தில் இதன் சுவரொட்டியை ஒட்டியதே நான்தான். வீட்டில் மட்டும் முதல் படியைத் தாண்டி நேரே இரண்டாவதுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

நேரத்தையும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள்

ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். மதியம் மூன்று மணிக்கெல்லாம் களைத்துப்போய், எடுத்ததை எல்லாம் அப்படியே திரும்ப உள்ளே தள்ளிவிடுவோம். ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் போதும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு வகையை மட்டும் எடுத்து, அன்றே முடித்துவிடுங்கள்.

தொடங்கும் முன் அறைக்குள் என்னென்ன கட்டாயம் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். எனக்கு அந்தப் பட்டியல் சிறியது: அம்மாவின் கட்டில், கட்டிலைச் சுற்றி அவர் கைத்தடியோடு நடக்க மூன்றடி வழி, தையல் இயந்திரம், ஒரு மேசை. இவற்றைத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்துப் பார்த்தேன். என் கைவினைப் பொருள்களுக்கு மிஞ்சியது ஒரு சுவர், ஓர் அலமாரி. அதற்குள் அடங்கியதுதான் தங்கும். அளவை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், ஒவ்வொரு பொருளோடும் தனித்தனியாக வாதாட வேண்டியதில்லை.

மூலை மூலையாக வேண்டாம், வகை வகையாகக் கொட்டுங்கள்

ஒரு மூலையைச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த மூலைக்குப் போவது நம் வழக்கம். அப்படிச் செய்தால் நம்மிடம் ஒரு பொருள் மொத்தம் எத்தனை உள்ளது என்பது கடைசி வரை தெரியாது. ஜப்பானிய எழுத்தாளர் மாரி கொண்டோவும் இடவாரியாகப் பிரிக்காமல் வகைவாரியாகப் பிரிக்கச் சொல்கிறார். முதலில் துணிமணி, பிறகு புத்தகம், தாள்கள், சில்லறைப் பொருள்கள், கடைசியில் நினைவுப் பொருள்கள் என்பது அவருடைய வரிசை. கைவினை அறைக்கு நான் அதை இப்படி மாற்றிக்கொண்டேன்:

1. வெட்டும் கருவிகள், ஒட்டும் பொருள்கள்
2. தாள், அட்டை
3. துணி, நூல், ரிப்பன்
4. மணி, கல், பொத்தான்
5. வண்ணங்கள், தூரிகைகள்
6. பாதியில் நிற்கும் வேலைகள்
7. நினைவுப் பொருள்கள்

ஒவ்வொரு வகையையும் வீடு முழுக்கத் தேடி ஹாலுக்குக் கொண்டுவந்து கொட்டுங்கள். சமையலறை இழுப்பறை, காரின் பின்பகுதி, பள்ளிப் பை எதையும் விடாதீர்கள். முதல் நாளிலேயே எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் பதினொன்று, இரட்டைப் பக்க ஒட்டுநாடா பத்தொன்பது, க்ளூ கன் நான்கு கிடைத்தன. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பது வருசம் ரெண்டு கத்திரிய வச்சிதான் தச்சேன்" என்றார். ஒன்று துணிக்கு, மற்றது தாளுக்கு. துணி வெட்டும் கத்தரியால் தாளை வெட்டினால் முனை மழுங்கிவிடும் என்பதால் அந்த இரண்டும் வேண்டும்.

காரணம் எளியது. பொருள் கண்ணில் படாததால் இல்லை என்று நினைத்து மறுபடி வாங்குகிறோம். வாங்கியது குவியலில் சேர்ந்து, மற்றவற்றையும் மறைக்கிறது. இந்தச் சுழற்சியை உடைக்க ஒரே வழி, எல்லாவற்றையும் ஒருமுறை ஒரே இடத்தில் கண்ணால் பார்ப்பதுதான்.

தையற்காரரின் கேள்வி

கொட்டியாகிவிட்டது. எதை வைப்பது, எதை விடுவது? 'இது பயன்படுமா?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எப்போதும் 'பயன்படும்' என்றுதான் விடை வரும். துரும்பும் பயன்படுமே!

எனக்கு உதவிய கேள்வி அம்மாவிடமிருந்து வந்தது. யாராவது துணி கொண்டுவந்தால் அவர் முதலில் கேட்பது, "எந்தத் தேதிக்கு வேணும்?" தேதி சொல்லாமல் 'மெதுவாகத் தையுங்கள்' என்பவரின் துணியை அவர் வாங்கி வைக்க மாட்டார். தேதி இல்லாத துணி அலமாரியில் கிடந்து, தேதி உள்ள துணியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாம்.

ஆகவே ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, 'எந்த மாதம், யாருக்காக?' என்று கேளுங்கள். நம் கைவினை ஆண்டு ஏறக்குறைய நிலையானது. ஜனவரியில் பொங்கல். மே 16 ஆசிரியர் தினம். ஆகஸ்டு 31 தேசிய தினம். செப்டம்பர், அக்டோபரில் நவராத்திரி. அக்டோபர் அல்லது நவம்பரில் தீபாவளி. இடையில் திருமணங்கள், பள்ளிப் போட்டிகள். பொருளுக்கு ஒரு மாதமும் ஒரு பெயரும் சொல்ல முடிந்தால் அது தங்கலாம். 'என்றைக்காவது, யாருக்காவது' என்று விடை வந்தால் அது விடைபெறலாம்.

இந்தக் கேள்வியில் ஆரிச் சட்டம் தப்பித்தது. அடுத்த நீண்ட பள்ளி விடுமுறையில் கற்றுக்கொள்வதாகத் தேதி குறித்து, சட்டத்தின் மேலேயே எழுதி ஒட்டினேன். அந்தத் தேதி கடந்தும் தொடவில்லை என்றால் தோழியிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். சுருள் தாளும் மெழுகுவர்த்தி அச்சும் தோற்றன. வளையல்களில் என் மகளுக்கும் எனக்கும் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டேன். மிச்சத் துணிக்கு அளவு ஒரு பெட்டி. அது நிறைந்தபின் புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று வெளியேற வேண்டும்.

நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற சோதனைகள்

வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டும் பல வழிகள் நம் ஊருக்குச் சரிவருவதில்லை. இங்கே ஆண்டு முழுவதும் வெப்பம். காற்றின் ஈரப்பதமோ 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. பார்வைக்கு நன்றாக இருக்கும் பொருளும் உள்ளே கெட்டிருக்கும். தேதி இருக்கிறதே என்று எடுத்து வைக்குமுன் இவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

நூல்: ஒரு முழம் எடுத்து இரு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். எளிதில் அறுந்தால் அந்த நூல் இற்றுவிட்டது. அதில் தைத்தால் தையல் பிரியும். நான் பொக்கிஷமாக வைத்திருந்த நூற்கண்டுகளில் பாதி அம்மாவின் இந்தச் சோதனையில் போனது.

ஒட்டுநாடா, ரப்பர் வளையம்: நாடாவைச் சிறிது பிரித்து ஒட்டிப் பாருங்கள். பிசுபிசுப்பு கையில் வந்தால் பசை உருகிவிட்டது. ரப்பர் வளையத்தை இழுத்தால் விரிசல் தெரிய வேண்டாம்.

வெள்ளைப் பசை, அக்ரிலிக் வண்ணம்: நீர் மேலே பிரிந்து நின்றால் கலக்கிப் பயன்படுத்தலாம். கட்டி தட்டியிருந்தால் அல்லது துர்நாற்றம் வந்தால் தூக்கிப்போடுங்கள். உடனடிப் பசை காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. எனவே நம் ஊரில் திறந்த குப்பி வெகுநாள் தாங்காது. பெரியதாக வாங்காமல் சிறியதாக வாங்குங்கள்.

தாள், அட்டை: ஓரங்களில் அரித்த தடம் இருந்தால் அது பெரும்பாலும் ராமபாணப் பூச்சியின் வேலை. தாளிலுள்ள மாவுச்சத்தும் பசையும் அதற்கு உணவு. பாதிக்கப்பட்ட கட்டை மற்றவற்றோடு சேர்க்காமல் உடனே வெளியேற்றுங்கள். சுவரோரம் மண் கோடு தெரிந்தால் கரையான். அப்போது அறை ஒழுங்கை விட்டுவிட்டு முதலில் கரையானைக் கவனியுங்கள்.

தானியங்கள்: ஒட்டுப்படம் செய்யப் பாசிப்பயறு, கோலம் போடச் சாயம் ஏற்றிய அரிசி. பழைய தீபாவளி ஒன்றில் மீந்த கோல அரிசியை ஏழு பைகளில் வைத்திருந்தேன். திறந்தபோது சிவப்பு அரிசியும் நகர்ந்தது, பச்சை அரிசியும் நகர்ந்தது. எல்லாம் வண்டு! தானியத்தை மீதம் வைக்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சாயமேற்றினால் போதும்.

வெளியேறும் பொருள்கள் எங்கே போகும்?

'கொடுக்கலாம்' என்று ஒதுக்கிய மூட்டை வாசலில் ஆறு மாதம் கிடந்தால் அது வெளியேறியதாகக் கணக்கில்லை. ஒவ்வொரு மூட்டையிலும் பெறுபவர் பெயரையும் கொடுக்கும் நாளையும் எழுதுங்கள். எழுதிய நாளிலிருந்து ஒரு வாரம் தவணை.

நல்ல நிலையிலுள்ள மணிலா அட்டை, மாஜோங் தாள், வண்ணப் பென்சில் முதலியவை தமிழ்ப்பள்ளிக்கும் பாலர் பள்ளிக்கும் பயன்படும். கொடுப்பதற்கு முன் 'உங்களுக்கு வேண்டுமா, எவ்வளவு வேண்டும்?' என்று கேட்டுவிடுங்கள். காய்ந்த மார்க்கரையும் இற்ற நூலையும் நன்கொடை என்ற பெயரில் அனுப்புவது நம் குப்பையை அடுத்த ஆசிரியர் தலையில் கட்டுவதாகும். என் வளையல் சாமான்களை விற்க நான் முயலவில்லை. வீட்டில் வளையல் சுற்றி விற்கும் ஒரு முன்னாள் மாணவியிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டேன். மறுவாரமே அவர் ஒரு ஜோடி சுற்றிக் கொண்டுவந்து அம்மா கையில் போட்டுவிட்டார்.

தாளையும் அட்டையையும் பழைய நாளிதழ் வாங்கும் லாரிக்குப் போடலாம். மறுசுழற்சித் தொட்டிகளில் நீலம் தாளுக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு நெகிழிக்கும் உலோக டின்களுக்கும் உரியது. கெடா உட்பட, சட்டம் 672 நடப்பில் உள்ள மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே கழிவைப் பிரிப்பது கட்டாயம் என்பதையும் மாணவர்களுக்கு நினைவூட்டலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். மீந்த வண்ணத்தைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். பழைய நாளிதழில் ஊற்றிக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள். பழைய கத்தி அலகுகளையும் வளைந்த ஊசிகளையும் ஒரு தகர டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி நாடா ஒட்டிய பிறகே வீசுங்கள். குப்பை அள்ளுபவரின் கையை நினைத்துப் பாருங்கள்.

தங்கும் பொருள்களை அடுக்குதல்

இப்போதுதான் பெட்டிக்கு வேலை வருகிறது. என்னிடமிருந்த பதினான்கு பெட்டிகளில் ஒரே அளவானவை ஒன்பதை எடுத்துக்கொண்டேன். புதிதாக ஒன்றுகூட வாங்கவில்லை.

பொருளின் பெயரால் பிரிப்பதைவிட வேலையின் பெயரால் பிரிப்பது எளிது. 'ரிப்பன்', 'பூ', 'கம்பி' என்று மூன்று பெட்டி வைத்தால் ஒரு மாலை கட்ட மூன்றையும் இறக்க வேண்டும். 'மாலை கட்ட' என்று ஒரே பெட்டி இருந்தால் அதை மட்டும் இறக்கினால் போதும். என் அலமாரியில் 'மின்னட்டை செய்ய', 'ஆரத்தித் தட்டு', 'பரிசு சுற்ற', 'பொங்கல்', 'தீபாவளி' என்று பெட்டிகள் இருக்கின்றன.

வாரந்தோறும் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட தட்டில் இருக்கட்டும். கனமானவை கீழே. ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பவை மேலே. தாள்களைத் தரையில் வைக்காதீர்கள். தரை ஈரமும் பூச்சியும் முதலில் அவற்றைத்தான் தொடும். மணிலா அட்டையைப் படுக்கையாக வையுங்கள். சுருட்டி வைத்தால் பிறகு பலகையில் ஒட்டும்போது நிமிராது. வெயில் படும் சன்னலோரம் நூலுக்கும் வண்ணத் தாளுக்கும் ஆகாது, சாயம் வெளுத்துவிடும்.

சிறு மணிகளுக்கும் கற்களுக்கும் அம்மா சொன்ன யோசனை அஞ்சறைப் பெட்டி. கடுகும் சீரகமும் கலக்காமல் இருப்பதுபோல மணிகளும் கலக்காமல் இருக்கின்றன. மூடியைத் திறந்தால் எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறது. பொத்தான்கள் அவருடைய பழைய பிஸ்கட் டின்னிலேயே இருக்கின்றன. ஓடுகிற முறையை மாற்ற வேண்டாமே!

பாதியில் நிற்கும் வேலைகளுக்கு ஒரே ஒரு கூடை. அதில் மூன்று வேலைக்கு மேல் இருக்கக் கூடாது. நான்காவதைத் தொடங்க ஆசை வந்தால், மூன்றில் ஒன்றை முடிக்க வேண்டும் அல்லது கைவிட வேண்டும்.

ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டினேன். மூடியின் மேல் ஒட்டினால் அடுக்கியபின் தெரியாது. அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். கண்ணாடி போடாமலே அவரால் படிக்க முடிய வேண்டும் என்று எழுத்தின் அளவைக் கூட்டினேன்.

நினைவுப் பொருள்கள் கடைசியில்

இதை ஏன் கடைசிக்குத் தள்ள வேண்டும்? முதல் நாளே மாணவர் தந்த வாழ்த்து அட்டையைக் கையில் எடுத்தால், தரையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கிவிடுவோம். இரண்டு மணி நேரமும் அதிலேயே போய்விடும். மற்ற வகைகளில் முடிவெடுத்துப் பழகிய பிறகு இதைத் தொடுவது நல்லது.

ஆசிரியர் தின அட்டைகள் மட்டும் என்னிடம் இரண்டு மூட்டை இருந்தன. எல்லாவற்றையும் வைக்க இடமில்லை, எல்லாவற்றையும் வீச மனமும் இல்லை. அச்சிட்ட வாசகம் மட்டும் உள்ளவற்றைக் கழித்தேன். கையால் ஒரு வரியாவது எழுதியவற்றைப் படித்தேன். பெரும்பாலானவற்றைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, ஒரு காலணிப் பெட்டி அளவுக்கு மட்டும் வைத்தேன். அதில் மணிலா அட்டையில் வெட்டிய ஒரு புத்தகக்குறியும் உண்டு. 'டீச்சர், நான் இந்த முறை பாஸ் பண்ணிடுவேன்' என்று அதில் எழுதியிருந்தது. மூட்டைக்குள் இருந்தவரை அது என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது என் கட்டுரைக் கையேட்டில் தினமும் கண்ணில் படுகிறது.

ஒழுங்கு நிலைக்க

ஒரு முறை ஒழுங்குபடுத்துவது எளிது. அது நிலைக்க மூன்று பழக்கங்கள் போதும். கடைக்குப் போகும் முன் அலமாரியின் படத்தைக் கைப்பேசியில் பாருங்கள். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகட்டும். வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம், மேசை மேல் உள்ளதை எல்லாம் அதனதன் பெட்டிக்கு அனுப்புங்கள்.

மாரி கொண்டோவே மூன்றாவது குழந்தைக்குப் பின் தம் வீடு முன்போல் நேர்த்தியாக இருப்பதில்லை என்று 2023இல் வெளிப்படையாகச் சொன்னார். எனவே படத்தில் வருவது போன்ற அறை நமக்கு வேண்டாம். என் அறையில் இன்றும் நூல் துண்டு கிடக்கும். மேசையில் பசை காயும்.

ஒழுங்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரே ஒரு சோதனைதான். இன்னொருவர் உங்களைக் கேட்காமல் ஒரு பொருளை எடுத்து, கேட்காமல் அதே இடத்தில் திருப்பி வைக்க முடிகிறதா? பன்னிரண்டாம் இரவு அம்மா அந்த அறையில் படுத்தார். ஒரு வாரம் கழித்து நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. என் மகளின் பள்ளிச் சீருடையில் அறுந்த பொத்தானைத் தைத்துவிட்டு, ஓரத்தையும் மடித்து அடித்துக்கொண்டிருந்தார். கத்தரியும் நூலும் அவரே எடுத்திருந்தார். நான் உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் இரண்டும் பெட்டிக்குத் திரும்பிவிட்டன.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

இத்தகைய தலைப்பு விளக்கக் கட்டுரையாக வந்தால் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. செயல்களின் வரிசையைக் காட்டும் சொற்களைப் பயன்படுத்துங்கள்: முதலாவதாக, அடுத்து, அதன் பின்னரே, இறுதியாக. வினைச்சொற்களையும் வேறுபடுத்துங்கள்: பிரித்தல், வகைப்படுத்துதல், கழித்தல், அடுக்குதல், பெயரிடுதல், பேணுதல்.

2. ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லுங்கள். 'தாளைத் தரையில் வைக்கக் கூடாது' என்பது கட்டளை மட்டுமே. 'தரை ஈரமும் பூச்சியும் தாக்கும்' என்று சேர்த்தால்தான் அது விளக்கமாகும்.

3. வலிமிகும் இடங்களை என் பெட்டிகளிலேயே பார்க்கலாம். 'பட்டுத் துணி' என்பதில் வல்லினம் மிகும், ஏனெனில் 'பட்டு' வன்தொடர்க் குற்றியலுகரம். 'பட்டு நூல்' என்பதில் வருமொழி மெல்லினத்தில் தொடங்குவதால் மிகாது. 'வேண்டாத பொருள்' என்று எழுதும்போது மிகாது. 'வேண்டாப் பொருள்' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே மிகும். 'கைவினை பொருள்' என்பது பிழை; 'கைவினைப் பொருள்' என்பதே சரி.

4. 'ஒரு பெட்டி', 'ஓர் அட்டை'. உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' வரும்.

5. பேச்சு வழக்கை மேற்கோள் குறிக்குள் உரையாடலாகத் தரலாம். விளக்கும் வாக்கியங்கள் எழுத்து வழக்கில் அமையட்டும். இந்தக் கட்டுரையில் நான் எங்கெல்லாம் அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறேன் என்று கண்டுபிடித்து, திருத்தி எழுதிப் பாருங்கள். அதுவே உங்களுக்கான பயிற்சி.

ஆசிரிய நண்பர்களே, வரும் விடுமுறையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கத்தரிக்கோல்களை மட்டும் தேடி எடுத்து எண்ணிப் பாருங்கள். மற்றது தானாகத் தொடரும்.